பழைய அடுப்பைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? தோம்பு கேஸும் குழாய் கேஸும் ஒன்றல்ல

புது வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. பழைய வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய கண்ணாடி அடுப்பு இன்னும் பளபளவென்று இருக்கிறது. "அதையே கழற்றிக் கொண்டுபோய் மாட்டிக்கலாமே, எதுக்கு வீண் செலவு?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பழைய வீட்டில் எந்த கேஸ்? புது வீட்டில் எந்த கேஸ்?

சிங்கப்பூர் வீடுகளில் இரண்டு வகை இருக்கின்றன. தோம்பில் வருவது எல்பிஜி. புரொப்பேன், பியூட்டேன் இரண்டையும் அழுத்தித் திரவமாக்கி 12.7 கிலோ தோம்பில் அடைத்துத் தருகிறார்கள். குழாயில் வருவது டவுன் கேஸ். இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் சேர்த்து செனோக்கோ ஆலையில் அதைத் தயாரிக்கிறார்கள். அதில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன்.

மலேசியாவில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான வீடுகளில் 14 கிலோ தோம்புதான். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில குடியிருப்புகளுக்கு இயற்கை எரிவாயுவே குழாயில் வருகிறது. அது பெரும்பாலும் மீத்தேன்.

ஆக, கண்ணுக்கு ஒரே நீலச் சுடராகத் தெரிந்தாலும் அடுப்புக்குள் போவது மூன்று வெவ்வேறு வாயுக்கள்.

ஒரு சின்ன ஓட்டை

அடுப்பின் பர்னர் மூடியைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் பித்தளையில் ஒரு சின்னத் திருகு தெரியும். அதன் நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. நாசில் என்பது அதுதான். எவ்வளவு கேஸ் வெளியே வரவேண்டும் என்பதை அந்த ஓட்டைதான் முடிவுசெய்கிறது.

எல்பிஜியில் சக்தி அதிகம். ஒரே அளவு இயற்கை எரிவாயுவோடு ஒப்பிட்டால் அது இரண்டரை மடங்கு வெப்பம் தரும். அது வரும் அழுத்தமும் அதிகம், சுமார் 2.8 கிலோபாஸ்கல். இயற்கை எரிவாயு சுமார் 2 கிலோபாஸ்கலில் வரும். அதனால் எல்பிஜிக்குச் சின்ன ஓட்டை போதும். நடுத்தர பர்னர் ஒன்றின் எல்பிஜி நாசிலில் பெரும்பாலும் 65 என்று பொறித்திருக்கும். ஓட்டையின் விட்டம் 0.65 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அதே பர்னருக்கான இயற்கை எரிவாயு நாசிலில் 97 என்று இருக்கும். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஓட்டையின் பரப்பைக் கணக்கிட்டால் இரு மடங்குக்கும் மேல்.

டவுன் கேஸின் சக்தி இயற்கை எரிவாயுவில் பாதிக்கும் குறைவு. அதற்கு ஓட்டை இன்னும் பெரிதாக வேண்டும்.

இப்போது மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். எல்பிஜி அடுப்பைக் குழாய் கேஸில் இணைத்தால், சின்ன ஓட்டை வழியே சக்தி குறைந்த வாயு கொஞ்சமாக வரும். சுடர் நோஞ்சானாக எரியும், தோசைக்கல் சூடேறவே நேரமாகும். எரிச்சல்தான். ஆனால் எதிர்ப்பக்கம் போனால் ஆபத்து. டவுன் கேஸ் அடுப்பை எல்பிஜி தோம்பில் இணைத்தால் பெரிய ஓட்டை வழியே சக்தி மிகுந்த வாயு கொட்டும். சுடர் மஞ்சளாக உயர்ந்து பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறும், அடியில் கரி படியும். காற்று போதாமல் அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடும் உருவாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல் மூடிய சின்ன சமையலறையில் தலைவலியாக ஆரம்பித்து உயிருக்கே உலை வைக்கும்.

அப்போ நாசிலை மட்டும் மாற்றினால் போதாதா?

எல்பிஜிக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் இடையே என்றால் பல அடுப்புகளில் அது முடியும். தயாரிப்பாளரே மாற்று நாசில்களை ஒரு பொட்டலத்தில் போட்டுத் தருவதும் உண்டு. அப்போதும் வேலை நாசிலோடு நிற்பதில்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றவேண்டும். 'சிம்'மில் வைக்கும்போது எரியும் சின்னச் சுடருக்குத் தனித் திருகு இருக்கிறது, அதையும் சரிசெய்யவேண்டும். இதை விட்டுவிட்டால் பெரிய சுடர் ஒழுங்காக எரியும், சிம்மில் வைத்ததும் அணையும். கடைசியாகச் சோப்பு நுரை தடவி எங்கேயும் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

டவுன் கேஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கல், ஹைட்ரஜன். அதன் சுடர் மீத்தேன், புரொப்பேன் சுடர்களைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். எல்பிஜிக்காகச் செய்த பர்னரில் வாயு வெளியே வரும் வேகத்தைச் சுடர் முந்திவிட்டால், 'டப்' என்ற சத்தத்தோடு அது பர்னருக்குள்ளேயே இறங்கி எரியத் தொடங்கும். அதனால் டவுன் கேஸ் அடுப்பின் பர்னர் துளைகளே வேறு மாதிரி அமைந்திருக்கும். நாசிலை மட்டும் மாற்றி இதைச் சமாளிக்க முடியாது. எல்லா அடுப்பையும் மாற்றமுடியாது என்று கடைக்காரர் சொன்னால் அது புதுசை விற்பதற்கான சாக்கு என்று உடனே நினைக்கவேண்டாம். பல சமயம் அது உண்மை.

இணையத்தில் டிரில் வைத்து நாசிலைப் பெரிதாக்கும் காணொளிகள் கிடைக்கின்றன. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாகத் துளைத்த ஓட்டை அது. வீட்டு டிரில் அதற்கு லாயக்கில்லை.

பிரிட்டன் பத்து வருஷம் எடுத்துக்கொண்டது

இது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு பிரிட்டன் நல்ல உதாரணம். அங்கே வீடுகளில் நிலக்கரியிலிருந்து தயாரித்த டவுன் கேஸ் பயன்பாட்டில் இருந்தது. வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும் நாடு முழுக்க மாறத் தீர்மானித்தார்கள். 1967 முதல் 1977 வரை ஊழியர்கள் தெருத்தெருவாகப் போய், வீடு வீடாக ஏறி, சுமார் 4 கோடிச் சாதனங்களை மாற்றினார்கள்.

சிங்கப்பூரில் அப்படி நடக்கவில்லை. காலாங்கில் 1862இல் தொடங்கிய எரிவாயு ஆலையிலும் ஆரம்பத்தில் நிலக்கரிதான். 1992இல் மலேசியாவிலிருந்து குழாய்வழி வந்த இயற்கை எரிவாயு மின்னுற்பத்திக்குப் போனது. வீட்டுக் குழாய்களில் டவுன் கேஸ் தொடர்ந்தது. அதைத் தயாரிக்கும் மூலப்பொருள்தான் காலப்போக்கில் மாறியது, நம் அடுப்பு மாறவில்லை.

சரி, யாரைக் கூப்பிடுவது?

முதலில் அடுப்பின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். எந்த கேஸுக்கானது என்று அதில் எழுதியிருக்கும். மாடல் எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரிடமே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்றும் செலவு புது அடுப்பின் விலையை நெருங்கினால் மாற்றுவதில் அர்த்தமில்லை. கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் என்றால் புதிதாக வாங்குவதே மேல். மூடிய பெட்டிக்குள் எரியும் சாதனம் அது, அங்கே சுடர் தப்பாக எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் எரிவாயுக் குழாயில் கைவைக்கும் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுச் சேவை ஊழியர்தான் செய்யவேண்டும். மலேசியாவில் எரிசக்தி ஆணையத்திடம் பதிவுசெய்த தகுதிபெற்றவர். "எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் செய்வாரு" என்பது இந்த விஷயத்தில் வேண்டாம்.

பலர் மறந்துபோவது கேஸ் அலாரத்தை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், அதனால் அலாரம் தரைக்கு அருகே இருக்கவேண்டும். டவுன் கேஸும் இயற்கை எரிவாயுவும் இலேசானவை, மேலே போகும். கேஸ் மாறினால் அலாரமும் இடம் மாறவேண்டும். அலாரம் எந்த வாயுவுக்கானது என்பதையும் பாருங்கள். கசிவு வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 995ஐ அழையுங்கள். மலேசியாவில் 999.

வேலை முடிந்ததும் அடுப்பில் புதுத் தகடு ஒட்டச் சொல்லுங்கள், எந்த கேஸுக்கு மாற்றப்பட்டது, எந்தத் தேதியில் என்ற விவரத்தோடு. நாலு வருஷம் கழித்து அந்த அடுப்பை நீங்கள் யாருக்காவது விற்கும்போது, வாங்குபவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்காது.