தவணை கிரைண்டர்

எங்கள் ஒத்தக்கடையில் வீடு தேடி வந்து தவணைக்குச் சாமான் தருகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்து கிரைண்டர் வாங்கினார். வாரம் 200 வீதம் 30 வாரம். 'பூக்கட்டுற காசுலயே அடைச்சிரலாம்'னு நினைச்சாங்க. 22 வாரம் ஒழுங்காகக் கட்டினார். வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்ததில் மூன்று வாரம் தவறிப்போச்சு. 'கடைசித் தவணை வரை பொருள் எங்களோடது' என்று, ஊறப்போட்ட அரிசி அப்படியே கிடக்க, தூக்கிட்டுப் போயிட்டாங்க. கட்டிய 5,400 ரூபாயும் போச்சு! மதுரைக் கடையில் ரொக்கத்துக்கே 4,500 தான். அட்டையைப் பார்த்தேன், வாரத் தொகை இருந்தது, மொத்த விலை இல்லை. 'வட்டியே கிடையாது' என்றாராம் தவணைக்காரர். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என 2013-லேயே வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அடுத்த வாரம் அதே ஆள் பீரோவோடு எங்கள் வாசலில்! "மொத்தம் எவ்வளவு, எழுதிக் கொடுங்க" என்றேன். இன்னும் வரவில்லை.

- ஒரு வாசகி, ஒத்தக்கடை