பொத்தானை அவரே போடட்டும்

முதியோர் இல்லத்தில் தற்பராமரிப்பு என்பது குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது ஆகியவற்றை முதியவர் முடிந்தவரை தாமே செய்துகொள்வது. பாட்டு, விருந்து, கோயில் பயணம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மலேசியச் சமூக நல இலாகாவின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களில் சேர 60 வயது ஆகியிருக்க வேண்டும். ஆதரவற்றவராகவும், தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளக் கூடியவராகவும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தாருக்குப் பக்கத்தில் இருப்பது, மூடா ஆற்றைத் தாண்டிக் கெடாவின் பெடோங்கில் உள்ள இல்லம். நாட்பட்ட நோயில் விழுந்தவர்களுக்குக் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் ரூமா ஏசான் உண்டு. தனியார் இல்லங்களுக்கு 1993, 1998, 2018 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இருக்கின்றன. எந்த இல்லமானாலும், வாசலில் நுழையும்போது இருந்த திறன் ஓராண்டு கழித்தும் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

அந்தத் திறனை நோயைவிட வேகமாகத் தின்பது அவசரம். காலை ஆறரைக்குப் பத்துப் பேரைக் குளிப்பாட்டி முடிக்க வேண்டிய பணிப்பெண், பாட்டியின் கையிலிருந்து சட்டையை வாங்கி அரை நிமிடத்தில் மாட்டிவிடுகிறார். பாட்டி தானே போட்டிருந்தால் ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஏழெட்டு நிமிடந்தான் அவருடைய விரல்களுக்கும் தோளுக்கும் அன்றைய பயிற்சி. விடியலில் எழுந்து பால்மரம் வெட்டிய கை, சில மாதங்களில் கரண்டி பிடிக்கவும் தயங்குகிறது. இது அன்பின் பெயரால் நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. கீழே விழுந்துவிடுவார்களே என்ற அச்சமும், ஆள் பற்றாக்குறையும் நியாயமானவைதான். ஆனால் உட்கார வைத்தே வைத்திருந்தால் கால் வலுவிழந்து, விழும் வாய்ப்பு கூடத்தான் செய்யும்.

தளர்ந்த உடம்பு தேறாது என்பதும் சரியன்று. அமெரிக்காவின் பாஸ்டனில், சராசரி வயது 87 ஆன 100 இல்லவாசிகளிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. பத்து வாரம் எடைப்பயிற்சி செய்தவர்களின் தசைவலு இரு மடங்குக்கு மேல் ஏறியது. நடையும் வேகம் கண்டது. இல்லத்தில் எந்திரம் வேண்டியதில்லை. கைப்பிடி நாற்காலியிலிருந்து ஒருவர் பக்கத்தில் நிற்க, வேளைக்குச் சிலமுறை எழுந்து உட்கார்ந்தாலே தொடக்கம் ஆகிவிடும்.

மனத்துக்கும் இதே கதைதான். 1976இல் உளவியலாளர்கள் எல்லன் லேங்கரும் ஜூடித் ரோடினும் கனெக்டிகட் மாநில இல்லம் ஒன்றில் ஒரு மாடியில் இருந்தவர்களிடம், செடியைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதையும் எந்த இரவு படம் பார்ப்பது என்ற முடிவையும் விட்டார்கள். இன்னொரு மாடியில் செடிக்குத் தாதியரே தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று வாரத்தில் முதல் குழுவில் 93 சதவீதத்தினரிடம் முன்னேற்றம். இரண்டாம் குழுவில் 71 சதவீதத்தினர் மேலும் தளர்ந்திருந்தனர்.

உதவி கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு. வாய்ச் சுத்தம் அதில் முதன்மையானது. ஜப்பானில் 11 இல்லங்களில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், உணவுக்குப்பின் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. பல்செட்டைத் தாமே கழற்றிக் கழுவ முடிந்தவரிடம் தூரிகையைக் கொடுத்துவிட்டு, விட்டுப்போன இடத்தை மட்டும் பணியாளர் பார்த்தால் போதும். இனிப்புநீர் உள்ளவர் தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் அப்படியே. கண் மங்கியவருக்கு மட்டும் இன்னொருவர் பார்க்க வேண்டும்.

தமிழ் முதியவருக்கு மொழி இன்னொரு தடை. பணியாளர் வேற்று நாட்டவரானால், “நானே செய்கிறேன்” என்று சொல்லவும் வழியில்லை. கட்டிலருகே ஓர் அட்டையில் அவரால் முடிந்தவை, உதவி வேண்டியவை, குளிக்க விரும்பும் நேரம் ஆகியவற்றைப் படத்தோடும் மலாயிலும் எழுதி வைக்கலாம். அதை எழுத ஏற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சோறும் குழம்பும் கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள். அவர்களும் ஊட்டிவிடாமல், தட்டை அம்மாவின் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும்.