மலைமழையும் உடல்வெப்ப வீழ்ச்சியும்: தனியே மலையேறுவோர் அறிய வேண்டியவை

மலையில் குளிரால் உயிருக்கு ஆபத்து நேர உறைபனி வேண்டியதில்லை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்போதே, நனைந்த உடையும் பலத்த காற்றும் சேர்ந்தால் அது நேரலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. கோடையில் பூண்டி அடிவாரத்தில் வியர்த்துப் புறப்படும் ஒருவர், வெள்ளியங்கிரியின் ஏழாம் மலையில் நடுங்குவதற்குக் காரணம் இதுவே. காலை வானம் தெளிந்திருந்தாலும், கோடைமழை பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் வந்துவிடும்.

நம் உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதையே மருத்துவத்தில் ‘ஹைப்போதெர்மியா’ என்கிறோம். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்தி வேட்டியும் ஜீன்ஸும் எளிதில் உலர்வதில்லை. அவை உடலின் வெப்பத்தைத் தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

முதலில் நடுக்கம் தோன்றும். பின்னர் விரல்கள் சட்டைப் பொத்தானைப் போட மறுக்கும், கால் இடறும், பேச்சு குழறும், ‘சற்று உட்கார்ந்தால் போதும்’ என்று தோன்றும். பார்ப்பவர் இதைக் குடிமயக்கம் என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. வெப்பம் ஏறக்குறைய 32 டிகிரிக்குக் கீழே சென்றால் நடுக்கம் நின்றுவிடும். உடல் தேறியதன் அறிகுறியன்று அது. நிலைமை மோசமாகியிருக்கிறது என்பதே பொருள். சிலர் அந்நிலையில் உடையைக் களைந்தெறிவதும் உண்டு.

தனியே செல்பவருக்கு உள்ள பெரிய இடர் இதுதான்: சிந்தனைத் தெளிவு தொடக்கத்திலேயே குன்றிவிடுகிறது, அதைக் கவனித்துச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. ஆகவே, திரும்ப வேண்டிய நேரத்தை அடிவாரத்திலேயே முடிவுசெய்யுங்கள். எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிக்கு மேல் உதவி தேட வேண்டும் என்பவற்றை வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள். குளிரில் கைபேசி விரைவில் சார்ஜ் இழக்கும். நெகிழி உறையிலிட்டு உடலோடு ஒட்டி வைத்திருங்கள். மழை தொடங்கியவுடன், முழுதும் நனைவதற்கு முன்பே கீழிறங்கத் தொடங்குவது நலம். இடி கேட்டால் உச்சியிலும் தனிமரத்தடியிலும் நிற்காதீர்கள். தங்க நேர்ந்தால் உலர்ந்த உடைக்கு மாறி, தலையையும் கழுத்தையும் மூடி, வெறும் பாறையில் அமராமல் பையின்மீது அமருங்கள்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். நடுக்கமும் குழப்பமும் தாழ்சர்க்கரையாலும் வரும். விழிப்புடன் விழுங்க முடிந்தால், எதுவாயினும் இனிப்பு கொடுப்பதே சரி. தைராய்டு குறைபாடு உள்ளவர்களும் முதியோரும் எளிதில் குளிர்ந்துபோவர். நெஞ்சுவலி உள்ளவர்களும், வலிப்பு கட்டுக்குள் வராதவர்களும் தனியே மலையேறலாகாது என்பதே என் கருத்து.

பாதிக்கப்பட்டவரைக் கண்டால் காற்றுபடாத இடத்துக்குக் கொண்டுசென்று, ஈர உடையை நீக்கி, கம்பளியால் போர்த்துங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வையுங்கள். விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் தரலாம். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். ஒரு மடக்கு பிராந்தி குளிரைப் போக்கும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. மது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, இருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடும்.

நடுக்கம் நின்று குழப்பத்தில் இருப்பவரை நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். குளிர்ந்த இதயம் சிறு அதிர்ச்சியிலும் தாளம் தவறக்கூடும் என்பதால் மெதுவாகவே தூக்குங்கள். உடல் விறைத்து நாடி தெரியாமல் போனாலும் இறந்துவிட்டதாக முடிவுசெய்யாதீர்கள். ஒரு நிமிடம் வரை மூச்சைக் கவனியுங்கள். மூச்சில்லையெனில் மார்பை அழுத்தும் உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்கி, உதவி வரும்வரை தொடருங்கள். மருத்துவமனையில் உடலைச் சூடேற்றிய பிறகு மீண்டவர்கள் உண்டு.