குன்றின்மேல் ஒரு பள்ளி

காஜாங் என்றதும் நம்மில் பலருக்குச் சாத்தேதான் நினைவுக்கு வரும். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு இவ்வூரை அறிந்திருந்தவர்கள் காப்பியையும் ரப்பரையும்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். மலாயாவில் வாணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்ட தொடக்ககாலத் தோட்டங்களுள் ஒன்றான இன்ச் கென்னத் தோட்டம் காஜாங்கில்தான் இருந்தது. இத்தகைய தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். 1897ஆம் ஆண்டில் காஜாங்கிற்கு இரயில் பாதை வந்தது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூரை எளிதில் சென்றடையும் வசதி அதனால் ஏற்பட்டது.

எனினும், தோட்டத்துப் பிள்ளை ஒருவனுக்கு அந்த 20 கிலோமீட்டர் மிக நீண்ட தொலைவாகவே இருந்தது. தோட்டத்திலிருந்த தமிழ்ப்பள்ளி எழுத்தையும் எண்ணையும் கற்றுத் தந்தது. அதற்குமேல் படிக்க வேண்டுமானால் நகரத்து ஆங்கிலப்பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும். கட்டணம் செலுத்த வேண்டும். புதிய மொழியில் பாடங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தடைகளைத் தாண்டியவர்கள் எழுத்தராகவோ ஆசிரியராகவோ மருத்துவராகவோ ஆக முடிந்தது. தாண்ட முடியாதவர்கள் மீண்டும் பால்மரத்தையே நாடினார்கள். இவ்விரு உலகங்களுக்கும் இடையே பாலமாக அமைந்த பள்ளிகளுள் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய ஆண்கள் பள்ளிகளும் அடங்கும். அவை எவ்வாறு தோன்றின? அங்கு மாணவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? அவை நமக்குத் தந்தவை யாவை? அவற்றால் நாம் இழந்தவை எவையேனும் உண்டா?

கோலாலம்பூரின் நடுவே புக்கிட் நானாஸ் என்னும் குன்று உள்ளது. அதன் சரிவில் சிவப்பும் வெள்ளையும் கலந்த அழகிய கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுவே செயின்ட் ஜான் பள்ளி. 1904ஆம் ஆண்டில் லா சால் சகோதரர்கள் இதனைத் தொடங்கினார்கள். அப்போது தலைநகரில் 1893இல் தோன்றிய விக்டோரியா கல்விக்கூடமும் 1897இல் தோன்றிய மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியும் இயங்கி வந்தன. அருகிலேயே பெண்களுக்கென 1899இல் தொடங்கப்பட்ட புக்கிட் நானாஸ் கான்வென்ட் பள்ளியும் இருந்தது. பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா ஆகிய இடங்களிலும் லா சால் என்னும் பெயரைத் தாங்கிய பள்ளிகள் எழுந்தன.

லா சால் சகோதரர்கள் என்போர் யாவர்? இவர்கள் கத்தோலிக்கத் துறவியர். ஆனால், பாதிரியார்கள் அல்லர். திருமணம் செய்துகொள்வதில்லை, சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்வதில்லை. கற்பித்தலே இவர்களின் வாழ்நாள் பணி. ஈட்டும் ஊதியமும் பொதுவில் சேர்க்கப்படும். வெள்ளை அங்கியும் கழுத்தின்கீழ் இரண்டாகப் பிரிந்து தொங்கும் வெள்ளைப் பட்டையும் இவர்களின் அடையாளம். இவர்கள் குருத்துவப் பணியை ஏற்காததற்கு ஒரு காரணம் உண்டு. வழிபாட்டுக் கடமைகள் குறுக்கிட்டால் வகுப்பறையில் முழு மனத்தோடு ஈடுபட முடியாது என்று இச்சபையை நிறுவியவர் கருதினார்.

அவர் பெயர் ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால். 1651ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ரேம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அக்காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள் போதிய பயிற்சியோ வருமானமோ இல்லாதவர்கள். லா சால் அவர்களைத் தம் வீட்டிற்கே அழைத்துத் தம்முடன் உணவருந்தச் செய்தார். அவருடைய உறவினர்கள் அதை இழிவாகக் கருதினர். அவர் பின்வாங்கவில்லை. தமக்கிருந்த உயர்ந்த திருச்சபைப் பதவியைத் துறந்தார். கடும் பஞ்சம் வந்தபோது தம் செல்வத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். 1719ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1900ஆம் ஆண்டில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. 1950ஆம் ஆண்டில் அவர் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

இன்று நாம் இயல்பாகக் கருதும் பல பழக்கங்களை அவர் தம் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தினார். அன்றைய பள்ளிகளில் ஆசிரியர் ஒவ்வொரு மாணவனாக அழைத்துப் பாடம் சொல்வார். மற்றவர்கள் சும்மா அமர்ந்திருப்பார்கள். லா சால் மாணவர்களைத் திறனுக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் அனைவருக்கும் கற்பிக்கும் முறையைப் பரப்பினார். ஆசிரியர்களுக்கெனப் பயிற்சிப் பள்ளியையும் அமைத்தார். வகுப்பில் ஆசிரியர் அதிகம் பேசுவதைத் தவிர்க்க ஒரு சிறு கருவியின் ஒலியையும் சைகைகளையும் பயன்படுத்தச் சொன்னார். அவருடைய பள்ளிகளில் கட்டணம் இல்லை. ஏழைப் பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்தனர். இதனால் வருமானம் இழந்த பாரிஸ் நகரத்து எழுத்தாசிரியர்கள் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். ஏழைக்கும் சம இடம் தருவது அன்று நீதிமன்றம்வரை சென்ற பிணக்காக இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இச்சபையின் சகோதரர்கள் 1852ஆம் ஆண்டில் கப்பலேறி நம் வட்டாரத்திற்கு வந்தனர். அவ்வாண்டிலேயே சிங்கப்பூரில் செயின்ட் ஜோசப் பள்ளியும் பினாங்கில் செயின்ட் சேவியர் பள்ளியும் இவர்கள் பொறுப்பில் தொடங்கின. பின்னர் மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங் எனப் பணி விரிந்தது. தமிழர்களுக்கு இத்தகைய பள்ளிகள் முற்றிலும் புதியவை அல்ல. யாழ்ப்பாணத்தில் 1850ஆம் ஆண்டு முதல் புனித பத்திரிசியார் கல்லூரி இயங்கி வந்தது. தமிழ்நாட்டில் 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. அறிவியலறிஞர் அப்துல் கலாம் பயின்ற கல்லூரி அது. மலாயா இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் பலர் தாயகத்திலேயே சமயப் பள்ளிகளின் பயனை அறிந்தவர்கள். ஆகவே, பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் குடியேறியதும் தம் பிள்ளைகளை ஆங்கிலப்பள்ளிகளில் சேர்க்க அவர்கள் தயங்கவில்லை.

இத்தகைய ஆண்கள் பள்ளியில் ஒரு நாள் எப்படிக் கழியும்? காலையில் மணி ஒலித்ததும் மாணவர்கள் திடலில் வரிசையாக நிற்பார்கள். மாணவத் தலைவர்கள் சீருடை, முடி, காலணி ஆகியவற்றைப் பார்வையிடுவார்கள். பாட வேளைகள் முடிந்ததும் பள்ளி ஓய்ந்துவிடாது. அதன் இரண்டாவது வாழ்க்கை அப்போதுதான் தொடங்கும். ஒருபுறம் ஹாக்கியும் காற்பந்தும் நடக்கும். மறுபுறம் சாரணர்கள் கயிற்று முடிச்சுப் போடப் பழகுவார்கள். இசைக்குழுவின் ஒலி வராந்தாவரை கேட்கும். சொற்போர்க் கழகத்தில் கூச்ச சுபாவமுள்ள மாணவனும் ஒருநாள் எழுந்து நின்று பேச வேண்டிவரும். ஒவ்வொரு மாணவனும் ஒரு விளையாட்டு இல்லத்தைச் சார்ந்தவன். மருத்துவரின் மகனும் தோட்டத் தொழிலாளியின் மகனும் ஒரே இல்லத்திற்காக ஓடுவார்கள். ஓட்டப்பந்தயக் கோட்டில் தந்தையின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை.

செயின்ட் ஜான் பள்ளியின் முழக்கவரி, நம்பிக்கையாலும் உழைப்பாலும் என்று பொருள்படும் இலத்தீன் தொடராகும். இப்பள்ளிகளில் பயின்றவர்களுள் கத்தோலிக்கர் அல்லாதவர்களே மிகுதி. மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என அனைவரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். கத்தோலிக்க மாணவர்கள் மறைக்கல்வி கற்கும் வேளையில் மற்றவர்கள் நன்னெறி பயின்றனர். திருநீறு அணிந்து வந்த மாணவனின் நண்பன் சிலுவை அணிந்திருப்பான். ஒற்றுமையைப் பற்றிய பாடத்தைப் படிப்பதற்கு முன்பே அவர்கள் ஒற்றுமையாக வாழப் பழகிக்கொண்டார்கள்.

படிப்பின் இலக்கு உயர்கல்வியே. நாட்டின் விடுதலைக்கு முன் மாணவர்கள் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வெழுதினார்கள். அவர்களின் விடைத்தாள்கள் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்று திருத்தப்பட்டன. முடிவு வரும்வரை குடும்பமே காத்திருக்கும். இன்று ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வும், ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வும் உள்ளன. ஆறாம் படிவம் பல்கலைக்கழகத்தின் வாயிற்படியாகும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது அங்கு உதவாது. தாமே நூல்களைத் தேடிப் படித்துக் கருத்தை ஆராய்ந்து எழுதும் பழக்கம் அங்குத்தான் உறுதிப்படுகிறது.

ஆண்கள் மட்டும் பயிலும் பள்ளியால் நன்மை உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. அத்தகைய பள்ளியில் எல்லாப் பணிகளையும் ஆண்களே செய்ய வேண்டும். வகுப்பறையைப் பெருக்குவதும், பாடகர் குழுவில் பாடுவதும், நாடகத்தில் தாய் வேடம் பூணுவதும் அவர்களே. இவையெல்லாம் பெண்களின் வேலை என்று எவரும் ஒதுங்க முடியாது. ஆயினும், பெண்களோடு இணைந்து கருத்துகளைப் பகிர்ந்து பணியாற்றும் பழக்கம் அங்குக் கிடைப்பதில்லை. வெளியுலகில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே உழைக்கின்றனர். செயின்ட் ஜான் பள்ளியின் ஆறாம் படிவத்தில் மாணவிகளும் சேர்க்கப்பட்டது இக்குறையை ஓரளவு நீக்கியது.

இதைவிட ஆழமாகச் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது தாய்மொழியைப் பற்றியது. லா சால் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியச் சிறுவர்கள் முதலில் இலத்தீன் மொழியில்தான் வாசிக்கக் கற்றனர். வீட்டில் பேசாத மொழியில் தொடங்கினால் ஏழைப் பிள்ளை விரைவில் படிப்பைக் கைவிடுவான் என்று லா சால் உணர்ந்தார். ஆதலால், பிரெஞ்சு மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கச் செய்தார். அவர் வழிவந்த பள்ளிகள் மலாயாவில் ஆங்கிலத்தில் கற்பித்தன. அன்றைய ஆட்சியும் வேலைவாய்ப்பும் அம்மொழியிலேயே இருந்தன. அதனால் பலர் உயர்ந்தனர். ஆனால், உயர்ந்தவர்களுள் சிலர் தமிழில் ஒரு கடிதம்கூட எழுத இயலாதவர்கள் ஆனார்கள். மகன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரியாத தாய், அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டாரைத் தேடிச் செல்லும் நிலை எத்தகையது! ஏணியில் ஏறியவன் நின்ற நிலத்தை மறந்துவிடக்கூடாது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வியை முடித்தவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல வழி பிறந்தது. 1970ஆம் ஆண்டு முதல் ஆங்கிலப்பள்ளிகளின் பயிற்றுமொழி முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாக மலாய்மொழியாக மாறியது. பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கோரினால் தாய்மொழி வகுப்பு நடத்தவும் ஏற்பாடு உண்டு. ஆகவே, இன்று சமயப் பள்ளி ஒன்றில் பயிலும் தமிழ் மாணவன் தன் மொழியைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், அந்த 15 பேரும் முன்வர வேண்டும். வாய்ப்பு இருந்தும் கேட்காமல் இருந்தால் குறை யாருடையது?

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அரசு இப்பள்ளிகளுக்கு முழு உதவி வழங்கியது, ஆசிரியர்களையும் நியமித்தது. வயது முதிர்ந்த சகோதரர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றனர். அவர்களின் இடத்தை நிரப்ப இளந்துறவியர் போதுமான எண்ணிக்கையில் வரவில்லை. இன்று அவ்வகுப்பறைகளில் வெள்ளை அங்கியைக் காண்பது அரிது. பெயர்ப் பலகையும் பழைய கட்டடமும் அப்படியே உள்ளன. அவற்றின் உயிரான பண்பு நிலைக்குமா என்பதே இன்றைய வினா. அப்பண்பு அங்கியில் இருந்ததில்லை. மெதுவாகக் கற்பவனுக்காக மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக அமர்ந்த ஆசிரியரிடமும், கட்டணம் செலுத்த இயலாதவனை வெளியே அனுப்ப மனம் வராத தலைமையாசிரியரிடமும் அது இருந்தது. அத்தகைய ஆசிரியர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். எந்தப் பள்ளியிலும் இருக்கலாம்.

இன்று காஜாங்கிலிருந்து புறப்படும் மாணவன் எம்.ஆர்.டி. இரயிலிலேறித் தலைநகரின் நடுப்பகுதிக்கு ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடுகிறான். அவனுடைய முப்பாட்டன் காலத்தில் கடக்க முடியாததாகத் தோன்றிய தொலைவு சுருங்கிவிட்டது. அத்தொலைவைச் சுருக்கியதில் இரும்புத் தண்டவாளத்திற்கு ஒரு பங்கு உண்டு. வகுப்பறைக்குப் பெரும்பங்கு உண்டு. குன்றின்மேல் நிற்கும் அப்பழைய பள்ளியைக் கடந்து செல்லும்போது அதன் அழகை மட்டும் கண்டு வியந்து நின்றுவிடாமல், நமக்குக் கிடைத்த கல்வி இன்னும் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வகுப்பிலேயே பின்தங்கியிருக்கும் நண்பனுக்கு ஒரு பாடத்தை விளக்கிச் சொல்வது அதற்கான நல்ல தொடக்கமாக அமையும்.