மாவு அரைத்தவரின் பெயர்

சென்னையில் ஜெர்மன் மொழி படிக்கிறவர்களுக்கு 'மாக்ஸ் முல்லர் பவன்' என்ற பெயர் நன்றாகத் தெரியும். ரிக் வேதத்தை அச்சேற்றிய ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் முல்லரின் நினைவாக வைத்த பெயர் அது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 'முல்லர்' என்றால் என்ன பொருள் என்று நீங்கள் என்றைக்காவது யோசித்ததுண்டா? ஏதோ பெரிய பண்டிதப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மாவு அரைப்பவர், அவ்வளவுதான்!

ஜெர்மனியில் மிக அதிகமான பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். பக்கத்திலுள்ள ஸ்விட்ஸர்லாந்திலும் முதலிடம் இதற்கே. அங்கே ஒரு நகரத்தில் போய் "முல்லர் வீடு எது?" என்று கேட்டால், "எந்த முல்லர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படிப்பட்ட பெயர் ஒரு காலத்தில் சந்தேகத்தையும் இழிவையும் சுமந்த தொழிலின் பெயர் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையைக் கேளுங்கள்.

எந்த ஹான்ஸ்?

சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஜெர்மானிய சாதாரண ஜனங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான். ஹான்ஸ் என்றால் ஹான்ஸ். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஊர்கள் சிறியவையாக இருந்தவரையில் அதனால் தொல்லை இல்லை. பட்டணங்கள் பெருகின, வரிக் கணக்கும் நிலப் பத்திரமும் எழுத ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சங்கடம் வந்தது. ஊரில் பத்து ஹான்ஸ்கள் இருந்தால், வரி கட்டியவன் எவன், ஏமாற்றியவன் எவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்கர்கள் சுலபமாக ஒரு வழி செய்தார்கள். ஆளின் தொழிலைப் பெயரோடு சேர்த்து எழுதினார்கள். கொல்லர் 'ஷ்மிட்' ஆனார். தையற்காரர் 'ஷ்னைடர்', மீன் பிடிப்பவர் 'ஃபிஷர்', நெசவாளர் 'வேபர்'. மாவாலை நடத்தியவர் 'முல்லர்'. நாளடைவில் அது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பேரனுக்கும் இறங்கிற்று.

தண்ணீரால் சுழலும் மாவாலையை அந்தப் பக்கம் கொண்டுவந்தவர்கள் ரோமானியர்கள். ஆலையோடு அதன் பெயரும் வந்தது. 'மோலினா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்ததே முல்லர். தெற்கே சில இடங்களில் அதை 'மில்லர்' என்றார்கள். வடக்கே 'மோல்லர்' என்றார்கள். ஹாலந்தில் அது 'முல்டர்', ஹங்கேரியில் 'மோல்நார்'.

இத்தனை முல்லர்கள் எப்படி வந்தார்கள்? ரொட்டி இல்லாமல் யாரும் பிழைக்க முடியாது. ஆகவே எந்தப் பக்கம் போனாலும் ஓடைக் கரையில் ஒரு மாவாலை இருந்தது. ஊருக்கு ஒரே ஆலைக்காரர் என்றால் அடையாளம் சொல்ல அதைவிட வசதியான பெயர் ஏது?

ஏன் அந்தச் சந்தேகம்?

இத்தனை அவசியமான மனிதரை ஊரார் கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. ஆலைக்காரர் திருடர் என்று வாய் கூசாமல் சொன்னார்கள்.

பல பிரதேசங்களில் குடியானவருக்கு இஷ்டப்பட்ட ஆலையில் அரைத்துக்கொள்ளும் சுதந்திரம் கிடையாது. நிலப் பிரபுவின் ஆலைக்குத்தான் தானியத்தைக் கொண்டுபோக வேண்டும். பக்கத்திலேயே வேறு ஆலை இருந்தாலும் அங்கே போகக் கூடாது. கூலியும் பெரும்பாலும் காசாக அல்ல. கொண்டுவந்த தானியத்திலேயே ஒரு பங்கை ஆலைக்காரர் அளந்து எடுத்துக்கொள்வார். பதினாறில் ஒரு பங்கு என்பது பல இடங்களில் வழக்கம். அளப்பவரும் அவர், எடுப்பவரும் அவர்!

மேலே தானியத்தைக் கொட்டுகிறார்கள்; கீழே மாவு வருகிறது. நடுவில் தவிடு பிரிகிறது, தூசி பறக்கிறது, ஈரம் காய்கிறது. கொடுத்த எடையும் வாங்கிய எடையும் எப்படிச் சரியாக இருக்கும்? மாவு மிஷினில் டப்பாவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அனுபவம் உள்ள உங்களுக்கு அந்தச் சந்தேகம் புதிதாக இராது. ஆலைக்காரரோ பிரபுவுக்குக் குத்தகை கட்ட வேண்டியவர். மேலே பிரபு நெருக்க, கீழே ஜனங்கள் ஏச, இரண்டு கல்லுக்கு இடையே அகப்பட்ட தானியம் போலத்தான் அவர் நிலைமையும்.

தூக்குமரத்து ஏணி

சந்தேகம் வெறும் பேச்சோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அந்த நாளில் கைத்தொழில்கள் எல்லாம் தொழிலாளர் சங்கங்களின் கையில் இருந்தன. சங்கம் சேர்த்துக்கொண்டால்தான் ஒரு பையன் தொழில் கற்கலாம். அதற்குக் 'கௌரவமான பிறப்பு' வேண்டும் என்றார்கள். பல ஊர்களில் ஆலைக்காரரின் குடும்பத்துக்கு அந்தக் கௌரவம் இல்லை என்று ஒதுக்கினார்கள். தொழிலாளி கட்டிக்கொள்ளும் பெண்ணுடைய பிறப்பையும் சங்கங்கள் விசாரித்தன. ஆகவே மகனுக்கு வேலை கிடைப்பது மட்டுமல்ல, மகளுக்கு வரன் கிடைப்பதும் கஷ்டமாயிற்று. குற்றவாளியைத் தூக்கில் போடும் நாளில் ஏணி கொண்டுவந்து கொடுப்பது ஆலைக்காரரின் கடமை என்றும் சில இடங்களில் விதித்திருந்தார்கள்.

1548-ஆம் ஆண்டில் ஜெர்மானிய சாம்ராஜ்யத்தின் சட்டம் ஒன்று இதைக் கண்டித்தது. நெசவாளர், நாவிதர், ஆட்டிடையர், ஆலைக்காரர் முதலியவர்களின் பிள்ளைகளைப் பிறப்பைக் காட்டிச் சங்கங்கள் ஒதுக்கக் கூடாது என்றது. 1577-இல் அதையே மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை சொன்னதைச் சங்கங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று தெரிகிறது அல்லவா? 1731-இல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டம் போடச் சில நாள் போதும். மனம் மாறத்தான் தலைமுறைகள் ஆகின்றன.

ராஜா கேட்ட வழக்கு

ஆலைக்காரருக்காக ஒரு ராஜாவே பரிந்து வந்த கதையும் உண்டு. இன்று போலந்து நாட்டிலுள்ள பொம்மர்ஸிக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆர்னால்டு என்பவர் ஆலை நடத்தினார். ஓடையின் மேல் பக்கத்தில் ஒரு பிரபு மீன் வளர்க்கக் குளம் வெட்டினார். தண்ணீர் குறைந்துவிட்டது, சக்கரம் சுழலவில்லை, குத்தகை கட்ட முடியவில்லை என்றார் ஆர்னால்டு. கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. 1778-இல் ஆலை ஏலத்துக்குப் போயிற்று.

ஆர்னால்டும் அவர் மனைவியும் சும்மா இருக்கவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்கு மனுமேல் மனுவாகப் போட்டார்கள். 1779 டிசம்பரில் மன்னர் நீதிபதிகளை அழைத்துக் கோபித்தார். தம் நீதி மந்திரியையே வேலையிலிருந்து நீக்கினார். நீதிபதிகள் சிலரைச் சிறையில் அடைத்தார். ஏழை ஜனங்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் சட்டப்படி நீதிபதிகள் செய்ததே சரி என்று சொன்னவர்களும் உண்டு. 1786-இல் ஃபிரெடரிக் இறந்த பிறகு, அடுத்து வந்த மன்னர் அந்த நீதிபதிகளின் மேலிருந்த பழியைத் துடைத்தார்.

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஆலை நடத்தியவரின் பெயர் ஆர்னால்டு, முல்லர் அல்ல! அதற்குள் பெயர் ஒரு பக்கமும் தொழில் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டன.

தையற்காரர் பேரன்

நம் மாக்ஸ் முல்லரின் குடும்பமே இதற்குச் சாட்சி. அவருடைய தாத்தா, தெஸ்ஸாவ் நகரத்தில் தையற்காரர். தையற்காரரின் மகனாகிய வில்ஹெல்ம் முல்லர் கவிஞரானார். ஆலைக்காரர் வீட்டு அழகிய பெண்ணின் மேல் ஓர் இளைஞன் கொண்ட காதலைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளுக்கு, 1823-இல் ஷூபர்ட் இசை அமைத்தார். உலகமெங்கும் இன்றைக்கும் பாடுகிறார்கள். பழைய நாளில் சங்கங்கள் ஒதுக்கிய வீட்டுப் பெண், பாட்டின் நாயகி ஆகிவிட்டாள்!

அதே 1823-இல் பிறந்தவர்தான் மாக்ஸ். அவருக்கு மூன்று வயதாகும்போதே தந்தை இறந்துவிட்டார். தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார். பிற்காலத்தில் மாக்ஸ் இங்கிலாந்தில் குடியேறினார். முல்லர் என்ற பெயர் எங்கே பார்த்தாலும் இருக்கிறதே என்று, 'மாக்ஸ்' என்பதையும் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1849 முதல் 1874 வரையில் ரிக் வேதத்தை ஆறு பாகங்களாக வெளியிட்டார்.

இன்று அந்த ஓடைக் கரை ஆலைகளில் பெரும்பாலானவை ஓய்ந்துவிட்டன. நீராவியும் பெரிய ஆலைகளும் வந்தபின் சிறிய ஆலைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மேற்கு ஜெர்மனியில் 1957-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, நஷ்டஈடு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய ஆலைகள் ஏராளம். மிஞ்சியிருக்கும் பழைய ஆலைகளில் பலவற்றை, 1994 முதல் ஆண்டுக்கு ஒரு நாள், பெந்தெகொஸ்தே பண்டிகைத் திங்களன்று, ஜனங்கள் வந்து பார்ப்பதற்காகத் திறந்து வைக்கிறார்கள். குழந்தைகளை அழைத்து வந்து, கல் சுழல்வதைக் காட்டுகிற தாய்மாரில் எத்தனையோ பேர் முல்லர்களாகத்தான் இருப்பார்கள்.

அடுத்த தடவை நீங்கள் டப்பாவோடு மாவு மிஷினுக்குப் போகும்போது, அரைத்துக் கொடுக்கிறவரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். அதற்கப்புறம், வேண்டுமானால், மாவை நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்!