விலாசம் மாறாமல் வீடு மாறும் தபால்

சொந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறு வியாபாரி, வாடகை அதிகமென்றோ சேவை திருப்தியில்லையென்றோ வேறொரு ஹோஸ்டிங் நிறுவனத்தை நாடும்போது, விலாசம் அப்படியே இருக்கத் தபால் சேரும் இடம் மாத்திரமே மாறுவதால், வாடிக்கைக்காரர்களுக்கு யாதோர் அறிவிப்பும் அவசியமில்லை. அவ்விடத்தைக் காட்டுவது டி.என்.எஸ். ஏட்டிலுள்ள எம்.எக்ஸ். பதிவு; வெளி சர்வர்கள் அதை ஒருமுறை கேட்டறிந்தால், டி.டி.எல். என்னும் கெடு தீரும்வரை, அது 86400 விநாடியாயின் ஒரு நாள் முழுதும், பழைய வாசலிலேயே கடிதங்களைப் போட்டுக்கொண்டிருக்கக் கூடுமாதலால், இரண்டு நாள் முன்னதாகவே அதை 300 விநாடியாகக் குறைத்துவிடுவது விவேகம்.

புதிய இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் திறந்த பிறகே எம்.எக்ஸ். பதிவைத் தொடவேண்டும். ஊழியர் பெயர்களை யாரும் மறப்பதில்லை. விற்பனை, கணக்கு என்ற பொது விலாசங்களே விடுபட்டு, அவற்றுக்கு வரும் ஆர்டர்கள், அத்தகைய விலாசமே இல்லையென்று அனுப்பியவருக்குத் திரும்பிப்போகும். வியாபாரிக்கோ விஷயமே தெரியாது! பழைய கடிதங்களை ஐமேப் வழியாகப் பிரதி செய்துகொள்ளலாம். பாப் முறையில் இறக்கிவந்தவர்களுடையவையோ, சர்வரில் நகல் விட்டுவைக்காத பட்சத்தில், அவரவர் கம்ப்யூட்டரில் மாத்திரமே இருக்கும். நம் பெயரில் கடிதம் அனுப்ப அனுமதியுள்ள சர்வர்களைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். பதிவில் புதிய சர்வரைச் சேர்க்கத் தவறினால், நாம் அனுப்பும் பில் ஸ்பாம் பெட்டியில் விழவும் கூடும். பழைய கணக்கை ஒரு மாதமாவது ரத்து செய்யாதிருப்பது நலம்.