டீசல் பம்பைக் கழற்றச் சொல்லும் முன்
(லோடு வண்டி வைத்திருக்கும் வணிகர் கவனத்திற்கு)

சொந்தமாக ஒரு சிறிய லோடு வண்டி இருப்பது இன்று மளிகை, காய்கறி, எண்ணெய் வணிகர் பலருக்கும் இன்றியமையாததாகிவிட்டது. அதிகாலையில் சந்தைக்குப் புறப்பட வேண்டிய வண்டி செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அன்றைய வியாபாரமே தடைப்படுகிறது. வாடகை வண்டி பிடிக்க வேண்டும், சரக்கு தாமதமாகும், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். அந்த அவசரத்தில் "டீசல் பம்ப் போய்விட்டது, கழற்றி அனுப்ப வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால் நாமும் தலையசைத்து விடுகிறோம். செலவு ஒருபுறம், பம்ப் திரும்பி வரும்வரை வண்டி நிற்கும் நட்டம் மறுபுறம்.

நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் வீண் செலவு மிச்சமாகும்.

டீசல் வரும் வழி

டாங்கியில் உள்ள டீசலை ஃபீட் பம்ப் இழுக்கிறது. வழியில் சல்லடை, தண்ணீர் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர், ஃபில்டர் ஆகியவற்றைக் கடந்து, பிறகே பெரிய பம்புக்கு வருகிறது. அது டீசலை உயர் அழுத்தத்தில் நாசில்களுக்கு அனுப்புகிறது. மிஞ்சிய டீசல் ரிட்டர்ன் குழாய் வழியே டாங்கிக்குத் திரும்புகிறது. ஆக, பெரிய பம்புக்கு முன்னாலேயே அடைப்போ காற்றோ இருந்தால், நல்ல பம்பும் கெட்ட பம்பு போலவே நடந்துகொள்ளும். சரக்கு வராத கடையில் கணக்குப்பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை அல்லவா?

புகையைக் கவனியுங்கள்

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வராவிட்டால், டீசல் எஞ்சினுக்குள் போகவில்லை என்று கொள்ளலாம். வெண்புகை வந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போது கரும்புகை தள்ளினால் டீசல் பற்றாக்குறை அல்ல. ஏர் ஃபில்டர் அடைப்பையும் நாசிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறியும் காரணமும்

1. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகி, பகலில் ஒழுங்காக ஓடினால்: இரவில் டீசல் டாங்கிக்கு இறங்கிவிடுகிறது. மறுநாள் காலை செல்ஃப் அடிக்கும் முன் கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால், குழாய் இணைப்பில் எங்கோ காற்று புகுகிறது அல்லது வால்வு பிடிக்கவில்லை.

2. வெறும் வண்டி நன்றாக ஓடி, லோடு ஏற்றி மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்தால்: ஃபில்டர் அல்லது டாங்கிச் சல்லடை அடைப்பு. குறைந்த டீசல் போதும் என்றிருக்கும்வரை அடைப்பு வெளியே தெரியாது.

3. சிறிது தூரம் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆனால்: டாங்கி மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிறகு வண்டி சீராக ஓடினால் காரணம் அதுவே.

4. ஓடிக்கொண்டிருந்த பழைய மாடல் வண்டி சட்டென்று நின்றால்: சாவியைத் திருப்பும்போது பம்பில் உள்ள சொலினாய்டு "டிக்" என்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். ஒலி இல்லை என்றால் ஃபியூஸ், ஒயர் இணைப்பை முதலில் பார்க்க வேண்டும்.

5. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல், ஆறிய பின் ஸ்டார்ட் ஆனால்: பழைய ரோட்டரி பம்பில் இது உள்தேய்மானத்தின் அடையாளமாக இருக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளியில் கசிந்துவிடும். இங்கே பம்பைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு.

கசிவு இல்லையே என்று ஏமாற வேண்டாம்

டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே உள்ள குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. அங்கே சிறு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே புகும். ஆகவே குழாய் காய்ந்திருப்பதைக் கொண்டு அது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. சிறிது நீளம் கண்ணாடி போன்ற டியூபை இடையில் இணைத்துப் பார்த்தால் குமிழிகள் தெரிந்துவிடும். இறுகிப்போன ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், திரும்பத் திரும்பப் போட்ட செம்பு வாஷர் ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள்.

கேன் சோதனை

பழைய மாடல் வண்டிகளில் உண்மையைச் சொல்லும் சோதனை இது. சுத்தமான கேனில் நல்ல டீசல் எடுத்து, டாங்கிக் குழாய்க்குப் பதிலாக ஃபீட் பம்புக்கு நேரே இணைத்து, காற்றை வெளியேற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சீராக ஓடினால் குறை டாங்கியிலோ குழாயிலோதான். ஓடாவிட்டால் ஃபில்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால் ஃபீட் பம்பின் வெளிவழியில் டீசல் பலமாக வருகிறதா என்று சோதிக்க வேண்டும். இவை அனைத்தும் சரி என்றான பிறகே பெரிய பம்பின் மேல் கை வைக்கலாம். சோதனை திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால் நடக்கட்டும்.

புதிய வண்டிகளுக்கு எச்சரிக்கை

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் விற்பனைக்கு வந்த டீசல் வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே காமன் ரயில் முறையில் இயங்குபவை. அதற்கு முந்தைய மாடல்கள் பலவற்றிலும் இம்முறை உண்டு. இவற்றில் டீசல் ஆயிரம் பார் அழுத்தத்துக்கும் மேலே போகும். எஞ்சின் ஓடும்போது நாசில் குழாயைத் தளர்த்தும் பழைய வழக்கம் இங்கே ஆபத்து. ஊசி போல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைக் கையால் தடவியும் பார்க்கக்கூடாது.

இவ்வகை வண்டியில் பம்பைக் குறை சொல்லும் முன், ஸ்கேனரில் ரயில் அழுத்தம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு வருகிறது என்ற இரண்டு எண்களையும் காட்டச் சொல்லுங்கள். நாசில்களின் ரிட்டர்ன் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து ஒப்பிட்டால், அதிகம் ஒழுகும் நாசில் எது என்று தெரியும். ஒரு நாசில் ஒழுகினாலும் அழுத்தம் ஏறாது. பழி பம்பின் மேல் விழும். வாரண்டி உள்ள வண்டியை வெளியில் பிரிக்க வேண்டாம்.

வருமுன் காக்க

பம்பின் உட்பாகங்களுக்கு வழவழப்புத் தருவதும் டீசல்தான். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் அவை தேயும், துருப்பிடிக்கும். எனவே டாங்கியை வற்ற விடாதீர்கள். வாட்டர் செபரேட்டரைக் குறித்த காலத்தில் வடித்துவிடுங்கள். வழக்கமான பங்க்கிலேயே ரசீதுடன் டீசல் வாங்குங்கள். சந்தேகம் வந்தால் பங்க்கில் அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு.

ஃபில்டர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். உள்ளே துருவும் சேறும் இருந்தால் டாங்கியைக் கழுவாமல் வேறு எதை மாற்றினாலும் பயனில்லை. பம்பைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், டெஸ்ட் பெஞ்சில் வைத்த அளவுகளை எழுத்தில் கேளுங்கள்; மாற்றிய பழைய பாகங்களைத் திரும்ப வாங்குங்கள்.

சரக்கு வாங்கும்போது எடையைச் சரிபார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. வண்டிப் பழுதுக்கும் அதே வழக்கம் இருக்கட்டும். மலிவானதை முதலில் பாருங்கள், விலை கூடியதைக் கடைசியில் பாருங்கள்.